மெத்தைக்காரர் வளைவு

தங்கம் பிடிக்க எந்தப் பாய் நல்லது என்று கேட்டால், பழைய வேன்களில் காலடியில் போட்டிருப்பார்களே, வரிவரியாகப் பள்ளம் விழுந்த கறுப்பு ரப்பர் பாய், அதைத்தான் சொல்வேன். இதற்கென்றே கடையில் விற்கிற பாய்களும் இருக்கின்றன. பச்சையும் நீலமுமாகப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழைய ரப்பரில் ஒரு பிடிப்பு உண்டு. தண்ணீர் மேலே ஓடும், மணல் மேலே ஓடும், கனமான துகள் மட்டும் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பழைய வண்டிகளை உடைக்கிற கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இது நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லைதான். ஆனாலும் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு எழுதினால் எழுத்தில் பிழை வராது. நான் தண்ணீர் பம்பு பழுது பார்ப்பவன். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் கீழ்த்தளத்தில் என் தங்கையும் அவள் கணவரும் அவர்களுடைய ஏழு வயது மகளும். மாடியில் நான். பின்பக்கம் தகரக் கூரை போட்ட என் பட்டறை. எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரை எல்லாம் நான்தான். அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஆற்றில் தங்கம் தேடுவது எனக்குப் பிழைப்பு அல்ல, பொழுதுபோக்கு. பெட்டியை நானே செய்தேன். அலுமினிய ஏணி ஒன்றைப் பிரித்து, தகடு அடித்து, ஆள் நீளத்துக்கு இரண்டு முனையும் திறந்த ஒரு தொட்டி. அடியில் ரப்பர் பாய். அதற்கு மேலே, பழைய இரும்புக் கட்டிலின் பட்டைகளை வெட்டிக் குறுக்கே வரிசையாகப் பற்றவைத்த சட்டம். தலைப்பக்கம் மண்ணைக் கொட்டித் தண்ணீரை விட்டால், லேசானதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீருக்கு, வயலில் மருந்து தெளிக்கிற இயந்திரம் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி, என்னிடம் கிடந்த பம்போடு பூட்டினேன். நன்றாகத்தான் இழுக்கும். அதிர்வுதான் அதிகம். நின்ற இடத்தைச் சுற்றி இரண்டு முழத்துக்குத் தரை நடுங்கும்.

என்னைப் போல ஆற்றுக்கு வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். இன்னொருவர் பல் டாக்டர். எடுத்த துகளைப் போட்டு வைக்க ஊசி மருந்து வருகிற சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை எங்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். பதினோரு வருஷத்தில் நான் எடுத்தது அந்தப் பாட்டிலின் அடியில் என் சுண்டுவிரல் அகலத்துக்கு நின்றது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கொசுவின் இறக்கை அளவுத் துகள்கள். ஒவ்வொன்றையும் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுத்துப் பாட்டிலில் விட வேண்டும். விற்றால் என்ன வரும் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. மாடியில் ஜன்னல் ஓரம் வைத்திருப்பேன். காலையில் வெயில் படும்போது எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கை கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். மெத்தைக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களைப் படுக்க வைத்துப் பார்ப்பதுதான் தன் உத்தியோகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முன்பின் தெரியாத ஆள்கூட ஐந்து நிமிஷத்தில் தன் முதுகுவலியின் வரலாற்றை அவரிடம் சொல்லிவிடுவார். மெத்தை வாங்கிப்போனவர்கள், போகிற வழியில் சும்மா எட்டிப்பார்த்து நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் தங்கையை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார், கூட்டிக்கொண்டு போ என்று தங்கை சொன்னாள். கூட்டிப்போனேன். ஆறு வலது பக்கம் திரும்புகிற இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாகக் கரை நிற்கும். அடியில் கூழாங்கல் கலந்த களிமண். அந்த வளைவை நான் பல வருஷமாக அறிவேன். முதல் பாடமாக அவருக்கு நான் சொன்னது, கரைக்கு அடியில் குடையக் கூடாது என்பது. ஆற்றில் இறங்குகிற எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரே சட்டம் அது. மேலே இருக்கும் மண் எப்போது உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, கடைக்கு வந்த ஒரு குண்டு மனிதரின் கதையைச் சொல்லிக்கொண்டே பாறையின் வெடிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினார். கதையை நிறுத்தாமலே எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மச்சான், இது பித்தளையா?"

பித்தளை இல்லை. பாதி வேர்க்கடலை அளவுக்குக் கட்டித் தங்கம். என் பாட்டிலில் இருந்ததை முழுக்கச் சேர்த்தாலும் அந்தக் கட்டியில் முக்கால்தான் தேறும்.

அன்றைக்கு வீட்டில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தபால்காரர் வந்தார், பல் டாக்டர் மனைவியோடு வந்தார். தங்கை மாடிக்கு ஓடிப்போய் என் பாட்டிலை எடுத்துவந்து, மேசையில் அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பதினோரு வருஷமா நீ பொறுக்குனத இவரு ஒரு மத்தியானத்துல கால ஆட்டிக்கிட்டே எடுத்துட்டாரு பாருண்ணா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவளுக்கு என் மேல் பாசம் அதிகம். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு செவ்வாய்க்கிழமைகள் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழாவது வாரம், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "போதும் மச்சான், நமக்கு அடிக்க வேண்டியது ஒரு தடவ அடிச்சாச்சு, இனி நீங்க பாருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் அன்றைக்குத் தனியாகத்தான் ஆற்றுக்குப் போனேன். நிம்மதியாக இருக்க வேண்டிய நாள். பெட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து யோசித்தேன். இவர் இனி வரவே மாட்டார். வராத வரைக்கும் தோற்கவும் மாட்டார். நான் எழுபது வயது வரை தண்ணீரில் நின்று முழங்கால் தேய்ந்து எடுத்தாலும், அந்த மேசைக்கு வருகிறவர்கள் அவருடைய மத்தியானத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கின் முழு ருசியும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காத்திருப்பது, குனிந்து நிற்பது, கை விறைத்துப்போவது எல்லாம் தெரிய வேண்டும். அவருக்கு உற்சாகம் கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். இதை நான் இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை என் பாட்டிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கரையின் அடிவாரத்தில், களிமண்ணில் வேர் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இடத்தில், சொட்டு மருந்துக் குழாயால் பதினைந்து துகள் விட்டேன். மேலே களிமண்ணைத் தடவி, தண்ணீர் தெளித்து, பழையபடி செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவரிடம், கடைசியாக ஒரு தடவை வந்து பெட்டியைத் தூக்க உதவி செய்யுங்கள் என்று கேட்டேன். உதவி என்று கேட்டால் அவர் மறுக்க மாட்டார். அங்கே போனதும், வேருக்கு அடியில் ஒரு வாளி மண் எடுத்துப் போடச் சொன்னேன்.

அலசும் தட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கீறல் விழுந்ததும் அவர் பேச்சு நின்றது. பேசாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அரைச் சாண் உள்ளே வைத்தேன். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் உள்ளே. சில வாரம் ஒன்றுமே வைக்க மாட்டேன். அது அவசியம். வாராவாரம் கிடைத்தால் மனிதன் அலட்சியமாகிவிடுவான். ஒரு வாரம் கையை விரித்துக்கொண்டு வந்தவர், அடுத்த வாரம் இரண்டு மடங்கு ஆழம் தோண்டுவார். வேர்கள் உள்ளே எப்படிப் போகின்றனவோ அப்படியே தங்கமும் போகிறது என்று அவரே ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். கேட்க நன்றாக இருந்தது. சரியாகத்தான் சொல்கிறீர்கள் என்றேன்.

இப்படி ஏழு மாதம். அதற்குள் அது குழியாகி, குழி பொந்தாகி, அவர் குப்புறப் படுத்து இடுப்புவரை உள்ளே போகிற அளவுக்கு வந்துவிட்டது. கரைக்கு அடியில் குடையக் கூடாது என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு நாள் கேட்டார். "ஒண்ணும் ஆகாதில்ல மச்சான்?" நான் மேலே நிமிர்ந்து கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். "களிமண்ணு நல்லாக் கெட்டியாத்தான் தெரியுது" என்றேன். பம்பும் மண்ணுமாக முப்பது வருஷம் இருக்கிறவன் சொன்னால் மெத்தை விற்கிறவர் நம்பத்தானே செய்வார்.

தங்கை மகள் ஒரு நாள் மாடிக்கு வந்தாள். ஜன்னல் ஓரத்தில் நின்று பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"மாமா, உங்க பாட்டில்ல தங்கம் கொறஞ்சுகிட்டே வருது."

"ஆமா. உங்கப்பாவுக்குக் குடுக்கிறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேணாம்னுடுவாரு. நீயும் சொல்லாத."

அவள் பாட்டிலைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நல்ல மாமா என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குழந்தையிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாப்பிள்ளை மாறிப்போனார். செவ்வாய் போதவில்லை என்று வியாழனும் விடுப்பு எடுத்தார். கடையில் வாடிக்கையாளர் படுத்திருக்க, இவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து மழை வருமா என்று நின்றிருக்கிறார். முதலாளி கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பில் வந்துவிட்டார். விரல் நகங்களெல்லாம் உடைந்து, மணிக்கட்டு வரை வெடித்து, வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கதை சொல்வதை விட்டுவிட்டார். அவருடைய பாட்டிலில் துகள் ஏற ஏற, அவர் உடம்பு இறங்கிக்கொண்டு வந்தது.

தங்கை பட்டறைக்கு வந்து கதவு ஓரமாக நின்றாள்.

"அண்ணா, நீ சொன்னா அவரு கேப்பாரு. அந்த ஆத்த விடச் சொல்லேன். பொண்ணுகிட்ட பேசிப் பத்து நாளாச்சு."

"சொல்றேன்மா."

"இன்னிக்கே சொல்லு."

அன்றைக்கே சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். பொந்தின் வாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, போதும், விட்டுடுங்க. தங்கச்சி ரொம்ப வருத்தப்படுறா" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்று சொல்லிவிடுவார்போல இருந்தது. நான் எழுந்து, மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஒரு முழம் உள்ள போனா பெருசா மாட்டும்னு என் மனசுக்குப் படுது. அதுக்காக என்ன செய்யிறது, விட்டுடலாம்" என்றேன்.

அவர் தண்ணீர் பாட்டிலை மூடினார். "ஒரு முழந்தான மச்சான்" என்றார்.

அந்த மாதம் தபால்காரர் வளைவுப் பக்கம் வந்து பொந்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். நான் அவரைத் தனியே கூட்டிப்போய், எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்க மாட்டேன் என்கிறார், நீங்களும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார். மாப்பிள்ளை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரணையில் தபால்காரர் எனக்காகச் சாட்சி சொன்னது அதை வைத்துத்தான். மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இனி கடைசி இரண்டு நாள். ஞாயிறும் அதற்கு முந்தின நாளும் மழை. திங்கள் காலை நான் கரைமேல் ஏறிப்போய்ப் பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு எட்டு உள்ளே தள்ளி, பொந்துக்கு நேர் மேலே, நீளமாக ஒரு விரிசல். மூன்று விரல் நுழைந்தது. ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அடையாளம் போட்டுவிட்டு, கீழே இறங்கி, பாட்டிலில் மீதி இருந்ததையெல்லாம் பொந்தின் கடைசியில் வைத்தேன். கை நீட்டினால் எட்டாது, இடுப்புக்குக் கீழ்வரை உள்ளே போக வேண்டும். நானும் போய்த்தான் வைத்தேன். அந்த ஐந்து நிமிஷம் எனக்கும் ஆபத்துத்தான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெளியே வந்து மேலே ஏறிப் பார்த்தபோது விரிசல் அகன்று, குச்சி அதற்குள் விழுந்திருந்தது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு அங்கே போனோம். பம்பை எப்போதும் தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறையில் வைப்பேன். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எஞ்சின் நனைந்துவிடும், மேலே வைக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பேருமாகத்தான் கரைமேல் தூக்கினோம். ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். விரிசலை நான் முன்னமே புல்லைப் போட்டு மூடியிருந்தேன். எஞ்சினின் கால்கள் விளிம்புப் பக்கம் நிற்கும்படி நான்தான் வைத்தேன். கீழே குழாயைவிட்டு, கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நன்றாகப் பராமரித்து வந்த இயந்திரம்.

நான் கீழே வந்து பெட்டியருகே நின்றேன். அவர் உள்ளே போனார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. "மச்சான், இருக்கு. நெறய இருக்கு." அந்தக் குரலில் பழைய மெத்தைக் கடைக்காரர் இருந்தார். பல மாதமாக அவரை அப்படிக் கேட்டதில்லை. இரண்டு கையிலும் களிமண்ணை அள்ளிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து வெளியே வந்து, பொந்தின் வாயில் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என்னிடம் நீட்டினார். மண்ணில் மஞ்சள் மினுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கரை உட்கார்ந்தது.

பெரிய சத்தம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஈரத் துணி மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. எஞ்சின் கீழே விழுந்து இருமி நின்றுபோனது. தூசி எழாததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் நெஞ்சுவரை மண்ணில் இருந்தார். வலது கை மட்டும் வெளியே.

உயிரோடு இருந்தாரா என்று கேட்டீர்கள். இருந்தார். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மண் கொஞ்சம் இறங்கும், அதனால் அடுத்த மூச்சை முழுதாக இழுக்க முடியாது. அவர் பேச்சு துண்டு துண்டாக வந்தது அதனால்தான்.

"மச்சான். மண்ண. எடுங்க."

மண்வெட்டி என்னிடம் இருந்தது. செல்போன் இருந்தது, வேலை செய்தது. சாலைக்கு நடந்தால் பதினைந்து நிமிஷம், அங்கே கல் உடைக்கிற இடத்தில் எட்டுப் பத்துப் பேர் எப்போதும் இருப்பார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். நீங்கள் கேட்டு நான் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

ஆனால் ஆட்கள் வந்தால் மண்ணைத் தாறுமாறாக வாரி ஆற்றில் எறிவார்கள். அந்த மண்ணில் என்னுடைய மீதித் துகளெல்லாம் இருந்தன. நான் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதலில் அவர் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டேன். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு அவரைச் சுற்றிச் சரிந்திருந்த களிமண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அலசினேன். அவசரப்படக் கூடாத வேலை. தட்டின் சாய்வு சரியாக இருந்தால் ஒரு துகள்கூடப் போகாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக வந்தும் அலசுவதை அவர் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே இல்லை. மணிக்கட்டை அதிகம் ஆட்டுவார்.

நான் சட்டைப் பையிலிருந்து பாட்டிலையும் குழாயையும் எடுத்ததும் அவர் பாட்டிலையே பார்த்தார். அது காலியாக இருந்ததைப் பார்த்தார். என் ஜன்னலில் அதில் துகள் இருந்ததை அவரும் பார்த்தவர்தானே. மெத்தை விற்பவராக இருந்தாலும் மந்தபுத்தி கிடையாது.

"அது. உங்களுதா?"

"ஆமா மாப்ள."

"எல்லாமா?"

"மொதல்ல பாறையில எடுத்தீங்களே, அது மட்டும் உங்களுது."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, "அவகிட்ட சொல்லாதீங்க. நான் எடுத்ததாவே இருக்கட்டும். பொண்ணுக்கும்" என்றார். சரி என்றேன். அவர் சொன்னதில் பெரிய வார்த்தை அதுதான், கடைசி வார்த்தையும் அதுதான். அதற்குப் பிறகு கண் மட்டும் என்னோடு தட்டுக்கும் பாட்டிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. எந்த நேரத்தில் அது நின்றது என்று நான் கவனிக்கவில்லை, அந்தக் களிமண்ணில் வேலை கண்ணை எடுக்க விடாது.

பிறகு எஞ்சினை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவி, பழைய தட்டைப் பாறையில் கொண்டுபோய் வைத்தேன். தட்டையும் கழுவினேன். அதற்கப்புறம்தான் போன் செய்தேன். மண் விழுந்ததற்கும் போன் செய்ததற்கும் நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம். வந்தவர்கள் என் நகங்களில் களிமண்ணைப் பார்த்துவிட்டு, வெறும் கையால் தோண்டியிருக்கிறான் பாவம் என்றார்கள். ஒருவர் எனக்குப் போர்வை போர்த்திவிட்டார்.

கொடுத்த வாக்கை நான்கு மாதம் காப்பாற்றினேன். இன்னும் எத்தனை வருஷமானாலும் காப்பாற்றியிருப்பேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, உங்களுக்கும் தெரியும். தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான்தான் இப்போது மருமகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன்.

ஆனால் தபால்காரரும் பல் டாக்டரும் சேர்ந்து வளைவில் ஒரு பலகை நட்டார்கள். மெத்தைக்காரர் வளைவு என்று வெள்ளை எழுத்தில் எழுதி, கீழே, இந்த ஆற்றின் கைராசிக்காரர் நினைவாக என்று போட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் பெட்டிகளோடு வர ஆரம்பித்தார்கள். என் பெட்டிக்கு முன்னால் நின்று, இங்கேதானே மெத்தைக்காரர் எடுத்தார் என்று என்னையே கேட்டார்கள். ஒரு ஆள், நீங்களும் தேடுவீர்களா, ஏதாவது கிடைத்ததுண்டா என்றார். நான் பொறுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவருடைய பாட்டில், அவர் படத்துக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முக்கால் பாட்டில் இருப்பதுபோலத் தெரிகிற மாதிரி ஒரு பூதக்கண்ணாடியும் முன்னால் வைத்திருக்கிறாள் தங்கை. கடைசி நாள் நான் மீட்டது போக, என் பதினோரு வருஷமும் அதற்குள்தான். போன வாரம் தங்கையிடம் நல்லபடியாகக் கேட்டேன். அதை மாடியில் நான் வைத்துக்கொள்கிறேனே என்றேன். அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அவரு உசுரக் குடுத்து எடுத்ததுண்ணா. இது எம் பொண்ணுக்கு. உனக்குத்தான் உன்னோடது தனியா இருக்கே."

என்னுடைய பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு கோடு மாதிரி இருக்கிறது. மறுநாள் காலை பட்டறையைப் பூட்டிவிட்டு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். வழியில் யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை, என் இஷ்டப்படிதான் வந்தேன். அந்தப் பாட்டிலை நீங்கள் சாட்சிப் பொருளாக எடுத்து, என் பெயரில் பதிந்து வைக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நீங்கள் எழுதியதை வாசித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில், இறந்தவர் ஏழு மாத காலத்தில் கண்டெடுத்த தங்கம் என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிட்டு, என்னுடைய தங்கம் என்று மாற்றி எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.